பத்தரை மணிச் சாப்பாடு

வலி என் வயிற்றில். அதைப் பற்றிப் பேசியவர்கள் மூன்று ஆண்பிள்ளைகள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார், என் மாமனார் பதில் சொன்னார், என் புருஷன் எந்த இடத்தில் வலிக்கிறது என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது. எனக்கும் வாய் என்று ஒன்று இருக்கிறது என்பது அந்த அறையில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே பாதி நாள் ஞாபகம் இருப்பதில்லை.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. டாக்டர் வீடு லஸ்ஸில், நடந்தே போகிற தூரம்தான். ஆனாலும் மாமனார் ஜட்கா வைத்துத்தான் அழைத்துப் போனார். நாட்டுப்பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. நாட்டுப்பெண்ணின் வயிறு என்ன நினைக்கிறது என்பது அதற்கு அடுத்த கவலை.

மாமனார் ஆடிட் ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிடையர் ஆனவர். ஆபீஸ் அவரை விட்டுவிட்டது, அவர்தான் ஆபீஸை விடவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவார். மழை எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு விட்டது, தபால்காரன் எப்போது வந்தான், எல்லாம் கோடு போட்டுக் கட்டம் கட்டி இங்கிலீஷில் இருக்கும். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று ஒரு ஜீவனும் அவரைக் கேட்டதில்லை. என் புருஷன் நல்லவர். நல்லவராக இருப்பது என்பது அந்த வீட்டில் சம்பளமும் இல்லாத, வேலையும் இல்லாத ஓர் உத்தியோகம். அப்பா எது சொன்னாலும் ‘ஆமாம்பா’ என்பதோடு அவர் டியூட்டி முடிந்துவிடும்.

டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். ‘இரண்டு வாரத்துக்குச் சாப்பிடுகிற நேரம், வலி வருகிற நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பினார். மாமனாருக்கு முகமெல்லாம் பல். ரிடையரான பிறகு அவரிடம் ஒருத்தர் ஒரு ஸ்டேட்மெண்ட் கேட்டது அதுதான் முதல் தடவை.

எதற்காக அந்த நேரங்கள் என்று டாக்டர் அவர்களிடம் இங்கிலீஷில் விளக்கினார். எனக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. பிற்பாடு நான் தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்த அசட்டுத்தனம் புரியாது.

புண் இரண்டு இடத்தில் வரலாம். இரைப்பையிலேயே வருவது ஒன்று. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் வருவது இன்னொன்று. அந்த இடத்துக்கு டியோடினம் என்று பெயர். நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல், புளித்த ஏப்பம், குமட்டல் எல்லாம் இரண்டுக்கும் பொது. மேலே கை வைத்து அழுத்திப் பார்த்தால் இதுவா அதுவா என்று சத்தியம் பண்ண முடியாது. அப்போதெல்லாம் வித்தியாசத்தை முதலில் காட்டுவது கடிகாரம்தான். இரைப்பைப் புண்ணாக இருந்தால் சாப்பிட்ட அரை மணி, முக்கால் மணிக்குள் வலி வந்துவிடும். சோற்றைக் கண்டாலே பயம் வரும், ஆள் இளைத்துப் போவாள். குடல் புண்ணாக இருந்தால் நேர் எதிர். வயிறு காலியானால் வலிக்கும், ஒரு வாய் ஏதாவது உள்ளே போனால் அடங்கும், நடுராத்திரியில் ஆளைத் தட்டி எழுப்பும். முதல் வகையில் இன்னொரு பயமும் உண்டு. சில பேருக்கு அது பார்க்கப் புண் மாதிரி இருந்து உள்ளே புற்றாக இருக்கும். அதனால் ஆறவில்லை என்றால் கத்தியை எடுத்துவிடுவார்கள். இரண்டாவது பெரும்பாலும் பாலிலும் பொடியிலும் அடங்குகிற சமாசாரம்.

ஆக, என் உயிர் ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது: நான் சாப்பிட்ட பிறகு வலிக்கிறதா, சாப்பிடாததால் வலிக்கிறதா? இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். நோட்டு எழுதியவர் மாமனார்.

எங்கள் வீட்டு நடைமுறை இது. காலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் காபி. ஒன்பது மணிக்கு என் புருஷன் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போவார். மாமனார் பூஜையை முடித்து, நைவேத்தியம் ஆனபின் சரியாகப் பத்தரைக்கு இலையில் உட்காருவார். அவர் எழுந்த பிறகு எச்சில் இலை எடுத்து, இடம் மெழுகி, பாத்திரம் துலக்கி, மத்தியான டிபனுக்கு அரைத்து வைத்து, மாமியார் ஜபம் பண்ணி முடிக்க ஒன்றரை ஆகும். அதற்குப் பிறகு மாமியாரும் நானும் அடுக்களையில் சாப்பிடுவோம். இது சட்டம் இல்லை, யாரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை. சூரியன் கிழக்கே உதிப்பதை யார் எழுதி ஒட்டினார்கள்?

காலைக் காபி கரைந்துபோய் ஒன்பதரை, பத்து மணி வாக்கில் எனக்கு எரிச்சல் லேசாகத் தொடங்கும். பதினொன்றுக்குச் சுருட்டிப் பிடிக்கும். ஒன்றரைக்கு இரண்டு கவளம் உள்ளே போனதும் யாரோ கையால் எடுத்துப் போட்ட மாதிரி போய்விடும். மாமனார் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்து, உள்ளே பார்த்து, ‘வலிக்கறதான்னு கேளு’ என்பார். மாமியார் அடுக்களைக்குள்ளிருந்தே என்னைக் கேட்பாள். நான் தலையாட்டுவேன். ‘வலிக்கறதாம்’ என்பாள் மாமியார். மாமனார் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து எழுதுவார். சாப்பாடு: 10.30. வலி: 11.10. அடுத்த கட்டத்தில் ‘மாடரேட்’ என்று வேறு. என் வலி மாடரேட் என்று அவருக்கு ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே எப்படித் தெரிந்ததோ!

ராத்திரி இரண்டு மணி வலி அந்த நோட்டில் கிடையாது. எழுதுகிறவர் அந்த நேரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் அந்த நோட்டைப் பார்க்காமல் இல்லை. கூடத்தைப் பெருக்கும்போது ஒருநாள் திறந்தே கிடந்தது. இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எண் தெரியும். பத்தரை, பத்தரை, பத்தரை என்று வரிசையாகப் பதினாலு பத்தரை. மாமனார் சாப்பிடுகிற நேரத்தை எழுதியிருக்கிறார், டாக்டருக்கு அது எதற்கோ வேண்டியிருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டு துடைப்பத்தை நகர்த்தினேன். இந்த வெட்கக்கேட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊரை எல்லாம் இளக்காரமாகப் பேசுகிறவள் தன்னை மட்டும் விட்டுவிடக் கூடாது.

டாக்டர் நோட்டைப் பார்த்து அசந்துபோனாராம். இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றாராம். இதை மாமனார் ஜட்காவில் வரும்போதே மூன்று தடவை சொன்னார். சாப்பிட்ட நாற்பதாவது நிமிஷம் வலி, சந்தேகமே இல்லை, இரைப்பைப் புண். இரைப்பைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், சோறு கூடாது, கஞ்சியும் பாலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி என்பது டாக்டர் உத்தரவு. லஸ்ஸிலிருந்து குளத்துக்கு வருவதற்குள் ‘அடிக்கடி’ எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது ‘கொஞ்சம்’ மட்டும். ஆகவே அதே ஒன்றரை மணிக்கு, சோற்றுக்குப் பதில் ஒரு டம்ளர் கஞ்சி. பால் குழந்தைக்கே போதாத ரேஷன் காலம், அதனால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பசியால் வருகிற வலிக்கு வைத்தியம் பட்டினி. அடேயப்பா, எத்தனை படித்தவர்கள் சேர்ந்து கண்டுபிடித்த வைத்தியம்! இரண்டு மாதத்தில் என் வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இளைக்கிறாள், வலி கூடுகிறது, புற்றாக இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பட்டினி போட்டவர்கள் நாம்தான் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

சோதனைகள் தொடங்கின. மூன்று நாள் ஒரு தகர டப்பாவில் மலத்தைக் கொடுத்தனுப்பினேன், அதில் ரத்தம் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. என் புருஷன் அந்த டப்பாவைக் காகிதத்தில் சுற்றி, மேலே பூக்கடை நாரால் கட்டி, பிரசாதம் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். கல்யாணமாகி அவர் எனக்குச் செய்த முதல் பெரிய சேவை அது. லேசாக ரத்தம் இருந்தது. அது எந்தப் புண்ணிலும் கசியும். இன்னொரு நாள் ரப்பர் குழாய் ஒன்றை விழுங்க வைத்து, வயிற்றில் கஞ்சி ஊற்றி, கால் மணிக்கு ஒரு தடவை உறிஞ்சியெடுத்துக் கண்ணாடிக் குழாய்களில் வரிசையாக நிறுத்தினார்கள். புற்றென்றால் அமிலம் குறைந்திருக்க வேண்டுமாம். எனக்கு வழிந்தது. டாக்டர் அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தாராம். பிறகு நோட்டைப் பார்த்தாராம். நோட்டு தெளிவாக இருக்கிறதே என்றாராம். வயிறு சொன்னதைவிட மாமனார் சொன்னது பெரிதாகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜனிடம் பேசி முடித்தார்கள். இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைப்பதாக ஏற்பாடு. அந்தக் காலத்தில் அதற்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை. மாமனார் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் குறித்தார். நாள் குறித்த கையோடு அடையாறிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்த என் அண்ணாவை ஊஞ்சலில் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, என் தங்கைக்கு ஜாதகம் எடுத்தாயிற்றா என்று சும்மா விசாரிப்பது போல விசாரித்தார். குழந்தை பெண் குழந்தை, அதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமே என்று வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். என் புருஷன் ‘ஆமாம்பா’ என்று சொல்லவில்லை. ‘இல்லைப்பா’ என்றும் சொல்லவில்லை. நான் உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் காபியை மாமனார் தலையில் ஊற்றாமல் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேனே, அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அறுப்பதற்கு முன்னால் எக்ஸ்ரே படம் வேண்டும் என்று சர்ஜன் கேட்டிருந்தார். தியாகராய நகரில் ஒரு டாக்டர் அந்த மிஷின் வைத்திருந்தார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்து காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள். படம் விழுவதற்காகக் குடிக்க வெள்ளையாக ஒரு கூழ் கொடுப்பார்கள். அதில் எலும்பு கிலும்பு உண்டா என்று மாமனார் வாசலில் நின்று விசாரித்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். அப்புறம் அந்தப் புண்ணியமான காரியம் நடந்தது. படம் எடுக்கிற அறை இருட்டறை, நோயாளியைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மாமனார் வெளியே, புருஷன் வெளியே, நோட்டுப் புத்தகமும் வெளியே.

உள்ளே மிஷின் பார்த்துக்கொண்டவர் ராயப்பேட்டைக்காரர், வயசான துலுக்கர், தாடியில் மருதாணி. ஒரு சின்ன சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. கூழைக் கலக்கிக்கொண்டே, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். வயிறு காலியா என்று பார்ப்பதற்காக எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் மனுஷர் அவர். நேற்று மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கஞ்சி என்றேன். அம்மாம் நேரம் கழிச்சா என்றார். தினமும் அப்படித்தான் என்றேன்.

“இப்போ வலி இருக்குதாம்மா?”

“இருக்கு.”

“ஒண்ணுமே துண்ல, அப்பவும் வலிக்குதா?”

அப்படி ஒரு கோணத்தில் நானே யோசித்ததில்லை. அவர் கூழை நீட்டினார். பாலில் குழைத்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். யார் கையால் வாங்கிக் குடித்தாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பலகையில் சாய்த்து நிறுத்தி, அவர் உள்ளறையிலிருந்து எக்ஸ்ரே டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் சுருட்டிப் பிடித்திருந்த வலி தளர்ந்துவிட்டது. திரும்பி வந்தவர், இப்போது வலி இருக்கிறதா என்றார். இல்லை, நின்றுவிட்டது என்றேன்.

அவர் டாக்டரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “சார், இந்தம்மாவுக்குச் சாப்ட்டா நிக்குது, சாப்டலன்னா வலிக்குது.”

அவ்வளவுதான். மூன்று படித்த ஆண்பிள்ளைகள் மூன்று மாதமாகக் கண்டுபிடிக்காததை அவர் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டார். படமும் அதையே சொன்னது. இரைப்பை ஒழுங்காக இருந்தது. அதைத் தாண்டிய முதல் வளைவு மட்டும் கசங்கிச் சுருங்கியிருந்தது, புண் அங்கே.

மறுநாள் லஸ் டாக்டர் வீட்டில் மறுபடியும் அதே மூன்று பேர், அதே கதவோரம் நான். டாக்டர் ஒரு கையில் படத்தையும் ஒரு கையில் நோட்டையும் வைத்துக்கொண்டு இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று நெற்றியைத் தேய்த்தார். இவள் பத்தரைக்குச் சாப்பிட்டது நிச்சயமா என்று கேட்டார். மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம். முப்பது வருஷ சர்வீஸில் தன் ஸ்டேட்மெண்டில் ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை என்றார். பேசாமல் நின்றால் அறுத்துவிடுவார்கள் என்று அப்போதுதான் எனக்கு முழுக்க உறைத்தது. அந்தப் பயம்தான் வாயைத் திறந்தது, தைரியம் இல்லை.

“அது நீங்க சாப்பிடற நேரம்,” என்றேன். “நான் சாப்பிடறச்சே ஒண்ணரை ஆயிடும்.”

டாக்டர் நோட்டைக் கீழே வைத்தார். அவர் காது சிவந்தது. அவர் வீட்டிலும் உள்ளே ஒருத்தி ஒன்றரை மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு நிச்சயம். என் புருஷன் தன் செருப்பைப் பார்த்தார். மாமனார் மட்டும் அசையவில்லை.

“ஆத்துல சாப்பாடு பத்தரைக்குத்தான்,” என்றார் டாக்டரிடம். “நான் எழுதினதுல தப்பே இல்லை.”

அவர் சொன்னது அவர் வரையில் வாஸ்தவம். அவர் சாப்பிட்டால் வீடு சாப்பிட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு அடுக்களையில் இரண்டு ஜீவன்கள் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவது அவர் கணக்கில் சாப்பாடே இல்லை, பாத்திரம் காலி பண்ணுகிற வேலை.

ஆபரேஷன் நின்றது. இரண்டு மணிக்கு ஒரு தடவை பால், நடுவில் ஒரு வெள்ளைப் பொடி, காலை பத்து மணிக்குள் குழைந்த சாதம், வயிறு ஒருபோதும் காலியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் இந்தத் தடவை தமிழில், என்னைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பெரிய சிக்கல். ஸ்வாமிக்கு நைவேத்தியம் ஆவதற்கு முன்னால், ஆண்கள் சாப்பிடுவதற்கு முன்னால், நாட்டுப்பெண் எப்படிச் சாப்பிடுவது? மாமனார் அரை நாள் யோசித்தார். மருந்துக்குத் தோஷமில்லை, அதனால் இதை மருந்தென்று வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். ஆபரேஷன் செலவைவிட மலிவு என்று கூடுதல் பாலுக்கும் எங்கேயோ சொல்லி ஏற்பாடு செய்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் நோட்டினால்தான் வியாதி பிடிபட்டது என்று சொல்லவும் தொடங்கினார். சொல்லிவிட்டுப் போகட்டும், மண்ணாங்கட்டி. எனக்கு வயிறு மிஞ்சியது.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வீட்டில் எல்லோரையும்விட எனக்கு இளக்காரம் அவள்மேல்தான். ‘வலிக்கறதாம்’ என்று தந்தி அடிப்பதைத் தவிர எனக்காக அவள் ஒரு வார்த்தை பேசினதில்லை. போதாக்குறைக்கு, தினமும் பதினோரு மணியானால் வேலையைப் போட்டுவிட்டு உரலோரம் மூலையில் போய், முழங்கால்களை மடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உதடு அசையும். ஜபம் என்பாள். என்னை வேலைக்கு விட்டுவிட்டு ஸ்வாமி பெயரில் ஓய்வெடுக்கிறாள் என்று நான் உள்ளுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன்.

பால் தொடங்கிய நாலாவது நாள். நான் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். பதினொன்று ஆகியும் வலி வரவில்லை. மாமியார் மூலையில் அதே மாதிரி மடங்கி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்போ ஒனக்கு வலிக்கலையா?” என்றாள்.

இல்லை என்றேன். பால் குடித்ததும் போய்விடுகிறதா என்று கேட்டாள். போய்விடுகிறது என்றேன். அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“அப்போ அது வியாதியா?” என்றாள். “பொம்மனாட்டிக்கெல்லாம் இந்த வேளைக்கு அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுண்டிருந்தேன்.”

அந்த வீட்டுக்கு அவள் வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் டம்ளரில் மீதியிருந்த பாலை நீட்டினேன். மடி, எச்சில், பத்து என்று தீட்டுக் கணக்கு எதையும் சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். கூடத்தில் மாமனார் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிற சத்தம் கேட்டது.